தொழிலாளிக்குப் பங்கு கொடுப்பது சுலபம், அவரிடம் பணம் வாங்குவதுதான் சிக்கல்

கேள்வி: கோவையில் வால்வும் பம்பு உதிரிபாகமும் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். 2009இல் பதிவான கம்பெனி, 140 பேர் வேலை செய்கிறோம். முதலாளிக்கு இரண்டு யோசனை. ஒன்று, பத்து வருஷத்துக்கு மேல் கூடவே இருக்கும் 12 பேருக்கு இந்த ஆயுத பூஜை அன்று முகமதிப்பான 10 ரூபாய்க்கே பங்கு கொடுப்பது. அந்தப் பட்டியலில் 15% பங்கு வைத்திருக்கும் அவருடைய தம்பி, அவர் டைரக்டரும்கூட, எச்.ஆர். பார்க்கும் மகள், சம்பளப் பட்டியலில் இல்லாமல் மாதம் ஃபீஸ் வாங்கும் தரக்கட்டுப்பாட்டு ஆலோசகர் ஆகியோரும் இருக்கிறார்கள். இரண்டாவது, புதிய சி.என்.சி. மெஷின் வாங்க ஊழியர்களிடமே 10% வட்டிக்கு டிபென்ச்சர், அதாவது கம்பெனியின் கடன் பத்திரம், கொடுத்து ஒன்றரைக் கோடி திரட்டுவது. மெஷின், கட்டடம் எல்லாம் வங்கியிடம் அடமானத்தில் இருப்பதால் இதற்கு ஈடு கிடையாது, சூலூரில் கம்பெனி பேரில் இருக்கும் 40 சென்ட் காலி இடத்தின் மேல் மட்டும் கடன் இல்லை. பத்திரம் வாங்கியவர்கள் சார்பில் ஸ்டோர்ஸ் மேனேஜர் டிரஸ்டியாக இருப்பார் என்கிறார். தீபாவளி போனஸில் பாதியையும் டிபென்ச்சராகக் கொடுக்க நினைக்கிறார். வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லியாகிவிட்டது, சிலர் ரொக்கமாகவே கொடுத்து 9 லட்சம் சேர்ந்துவிட்டது. அவர் யாரையும் ஏமாற்றுகிறவர் இல்லை. இதெல்லாம் சரியா?

பதில்: வணக்கம். மற்றதெல்லாம் பிறகு, முதலில் அந்த 9 லட்சம். அதை இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கொடுத்தவர் ஒவ்வொருவருடைய வங்கிக் கணக்குக்கும். ரொக்கமாக வாங்கியதை ரொக்கமாகவே கொடுத்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாகவும் டெபாசிட்டாகவும் ரொக்கத்தில் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுப்பதுபோலவே ரொக்கத்தில் திருப்பித் தருவதையும் தடுக்கிறது, இரண்டுக்கும் தனித்தனியாக அந்தத் தொகை அளவுக்கே அபராதம் போட முடியும். வாங்கியது நடந்துவிட்டது, திருப்புவதாவது ஒழுங்காக நடக்கட்டும். யாரிடம் எந்தத் தேதியில் எவ்வளவு வாங்கினீர்கள், எப்போது திரும்பியது என்று ஒரு பட்டியல் எழுதி ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

ஏன் இத்தனை அவசரம் என்றால், உங்கள் முதலாளி டிபென்ச்சர் என்று நினைத்து வாங்கிய பணம் சட்டப்படி டெபாசிட். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி ஒரு பிரைவேட் கம்பெனி தன் பங்குதாரர்களிடம் மட்டும், அதுவும் வரம்புக்குள், டெபாசிட் வாங்கலாம். பங்குதாரர் அல்லாத ஊழியர் அந்தக் கணக்கில் வெளியாள்தான், எத்தனை வருஷம் வேலை செய்திருந்தாலும். பத்திரத்தின் தலைப்பில் டிபென்ச்சர் என்று அச்சடித்துவிட்டால் டெபாசிட் இல்லை என்று ஆகிவிடாது. எந்த டிபென்ச்சர் டெபாசிட் ஆகாது என்பதை 2014ஆம் ஆண்டு டெபாசிட் விதிகள் சொல்கின்றன: கம்பெனியின் கண்ணால் பார்க்கக்கூடிய சொத்தின் மேல் முதல் அடமான உரிமையோ, முதல் உரிமைக்காரரோடு சரிசமமான உரிமையோ கொடுத்து வெளியிட்டது, அல்லது பத்து வருஷத்துக்குள் கட்டாயமாகப் பங்காக மாறுவது, அல்லது ஈடு இல்லாவிட்டாலும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. உங்களுடையது இந்த மூன்றில் எதுவும் இல்லை. டெபாசிட் விதியை மீறினால் 76ஏ பிரிவின்படி கம்பெனிக்கு அபராதம் குறைந்தது ஒரு கோடி அல்லது வாங்கிய தொகையைப் போல இரண்டு மடங்கு, எது குறைவோ அது, அங்கிருந்து பத்துக் கோடி வரை போகலாம். பொறுப்பான அதிகாரிகளுக்கு 25 லட்சம் முதல் 2 கோடி வரை அபராதத்தோடு ஏழு வருஷம் வரை சிறையும் உண்டு. கணக்குப் பிரிவைப் பார்ப்பவர் என்ற முறையில் உங்கள் கையெழுத்து எங்கெல்லாம் இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, முதலாளி நல்லவர் என்பது இந்த இடத்தில் உங்களைக் காப்பாற்றாது.

இன்னொன்றையும் உங்களிடம் யாராவது சொல்வார்கள்: ஊழியரிடம் ஒரு வருஷச் சம்பளம் வரை வாங்கினால் டெபாசிட் ஆகாதே என்று. அந்த விலக்கு உண்மைதான், ஆனால் அது வேலை ஒப்பந்தப்படி வாங்கும் வட்டியில்லாத செக்யூரிட்டி டெபாசிட்டுக்கு மட்டும். 10% வட்டி என்று சொன்ன அந்த நொடியே அந்த வழி அடைபட்டுவிட்டது.

சரி, ஒழுங்காக டிபென்ச்சர் வெளியிடவே முடியாதா என்றால் முடியும். மெஷினும் கட்டடமும் வங்கியிடம் முதல் உரிமையில் இருக்கின்றன, அவற்றின் மேல் இரண்டாவது உரிமை கொடுத்தால் விதிக்குப் போதாது. வங்கி சம உரிமைக்குச் சம்மதித்து எழுத்தில் கொடுத்தால் ஆகும், ஊழியர் கடனுக்காக அப்படிக் கொடுக்கும் வங்கிக் கிளை அபூர்வம். ஆக மிச்சம் சூலூர் இடம்தான். அதை ரெஜிஸ்டர்டு வேல்யூவரிடம் மதிப்பிட்டு, அந்தச் சந்தை மதிப்பைத் தாண்டாத தொகைக்குத்தான் டிபென்ச்சர் போடலாம். பத்து வருஷத்துக்குள் திருப்பும்படி இருக்க வேண்டும். அடமானத்தை சி.எச்.ஜி.-9 படிவத்தில் 30 நாளைக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் பதிய வேண்டும், உங்களுக்குக் கோவையிலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. ஈடுள்ள டிபென்ச்சர் என்றால் டிரஸ்டி கட்டாயம், ஆனால் கம்பெனியின் ஊழியர் டிரஸ்டியாக இருக்க முடியாது, புரமோட்டரும், அதாவது கம்பெனியைத் தொடங்கி நடத்துபவரும், டைரக்டரும் முடியாது, பங்கு வைத்திருப்பவரும் முடியாது. எனவே ஸ்டோர்ஸ் மேனேஜர் சரிப்பட மாட்டார். இந்த விதியை நான் மனதார ஆதரிக்கிறேன். பணம் வராமல் போகும் நாளில் கம்பெனி மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியவர் டிரஸ்டி, அவருடைய சம்பளமே அந்தக் கம்பெனியிலிருந்து வந்தால் அவர் எப்படி எழுந்து நிற்பார்?

லாபத்திலிருந்து, நிலுவையில் உள்ள டிபென்ச்சர் மதிப்பில் 10% தனி ரிசர்வாக ஒதுக்க வேண்டும். அது போக ஒவ்வொரு ஏப்ரல் 30க்குள், அடுத்த மார்ச்சுக்குள் முதிர்வாகும் தொகையில் 15% அளவுக்குப் பாதுகாப்பான முதலீட்டில் போட்டு வைக்க வேண்டும். பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு 2019இல் அந்த ரிசர்வை எடுத்துவிட்டார்கள், உங்களைப் போன்ற கம்பெனிகளுக்கு அது இருக்கிறது.

பணம் வாங்கும் முறைக்கு 42ஆம் பிரிவு. யாருக்குக் கொடுக்கிறோம் என்று போர்டு முதலில் பெயர் பெயராக எழுதி, ஒவ்வொருவருக்கும் பி.ஏ.எஸ்.-4 படிவத்தில் எண்ணிட்ட கடிதம் அனுப்பி, பணம் அவரவர் வங்கிக் கணக்கிலிருந்து வந்து, தனி வங்கிக் கணக்கில் உட்கார வேண்டும். 60 நாளைக்குள் ஒதுக்க வேண்டும், தவறினால் அடுத்த 15 நாளுக்குள் திருப்ப வேண்டும், அதுவும் தவறினால் 12% வட்டி. ஒதுக்கிய விவரத்தை 15 நாளைக்குள் பி.ஏ.எஸ்.-3இல் தாக்கல் செய்யும் வரை அந்தப் பணத்தைத் தொடவே கூடாது, மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கக்கூட. வாட்ஸ்அப் குரூப் அறிவிப்பு பொதுமக்களுக்கு இல்லை, ஊழியர்களுக்குத்தான் என்று வாதிடலாம், ஆனால் அந்தச் செய்தி யாருக்கெல்லாம் ஃபார்வர்டு ஆனது என்று உங்களால் சொல்ல முடியாது. எடுத்துவிடுங்கள்.

இங்கே பலரும் தடுக்கி விழும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு நிதியாண்டில் ஒரு வகைப் பத்திரத்தை 200 பேருக்கு மேல் இப்படித் தனியாகக் கொடுக்க முன்வரக் கூடாது, முன்வந்தாலே போதும், வாங்கினார்களா என்பது கேள்வியில்லை. அந்த 200இல் ஊழியரைச் சேர்க்க வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். ஈசாப், அதாவது ஊழியருக்குப் பங்கு வாங்கும் உரிமை கொடுக்கும் திட்டத்தில் பங்கு பெறும் ஊழியரைத்தான் சேர்க்க வேண்டாம். டிபென்ச்சர் கொடுக்கும்போது ஊழியரும் எண்ணிக்கையில் வருவார். நீங்கள் 140 பேர் என்பதால் இன்று தப்பிக்கிறீர்கள், குடும்பத்தாரையும் டீலர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். 200ஐத் தாண்டினால் அது பொது வெளியீடு ஆகிவிடும், அப்புறம் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வரை போகும். சஹாரா குழுமத்தின் இரண்டு கம்பெனிகள் நண்பர்கள், தொடர்புடையவர்கள், ஊழியர்கள் ஆகியோருக்குத் தனிப்பட்ட முறையில்தான் மாற்றத்தக்க டிபென்ச்சர் கொடுத்தோம் என்று சொன்னார்கள். வாங்கியவர்கள் ஏறக்குறைய மூன்று கோடிப் பேர், தொகை 24,000 கோடிக்கும் மேல். அப்போது பழைய சட்டப்படி வரம்பு 50 பேர். 2012 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் முழுப் பணத்தையும் 15% வட்டியோடு திருப்பச் சொன்னது. உங்கள் கம்பெனியை அதோடு ஒப்பிடவில்லை. நம்ம ஆட்கள்தானே என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என் கருத்தைக் கேட்டால், ஊழியர் டிபென்ச்சரை விட்டுவிடுங்கள். ஒன்றரைக் கோடிக்காக வேல்யூவர், டிரஸ்டி, டிரஸ்ட் பத்திரம், ரிசர்வ் என்று செலவும் வேலையும் ஏறினால் வங்கி வட்டியில் மிச்சம் பிடிக்க நினைத்தது கரைந்துவிடும். சூலூர் இடத்தை வங்கியிடமே கூடுதல் ஈடாக வைத்து டேர்ம் லோன் கேளுங்கள். முதலாளியே சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுக்கலாம். டைரக்டரும், பிரைவேட் கம்பெனி என்றால் டைரக்டரின் உறவினரும், கடன் வாங்கிய பணத்திலிருந்து தரவில்லை என்று எழுதிக் கொடுத்தால் அது டெபாசிட் ஆகாது. குடும்பப் பங்குதாரர்களிடம் வாங்குவதென்றால் பங்கு மூலதனம், கையிருப்பு லாபம், பிரீமியம் மூன்றும் சேர்ந்த தொகையின் 100% வரை பிரைவேட் கம்பெனிக்கு இடம் உண்டு, அந்த விவரத்தை டி.பி.டி.-3 படிவத்தில் தாக்கல் செய்ய மறக்கக் கூடாது. ஊழியருக்கு ஆளுக்கொரு பங்கு கொடுத்து அவரையும் பங்குதாரர் ஆக்கி டெபாசிட் வாங்கிவிடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், அது எதற்காகச் செய்தது என்று பார்க்கிறவர் யாருக்கும் தெரியும்.

கட்டாயமாகப் பங்காக மாறும் டிபென்ச்சர் ஈடில்லாமலே டெபாசிட் விதியைத் தாண்டிவிடும், பங்குதாரர் கூட்டத்தில் முக்கால்வாசி ஓட்டோடு சிறப்புத் தீர்மானம் போட்டுச் செய்யலாம். ஆனால் அதில் அசல் பணமாகத் திரும்பாது, பங்காகத்தான் வரும். மகள் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த பணத்தை பேங்க் எஃப்.டி. மாதிரி என்று நினைத்து அதில் போடும் ஃபிட்டருக்கு இதை எப்படி விளக்குவீர்கள்? விளக்கினால் போடுவாரா? அவர் போட மாட்டார் என்றால் அதை அவரிடம் கேட்கக் கூடாது.

எனக்கு உண்மையில் உறுத்துவது இதுதான். முதலாளி கேட்கும்போது முடியாது என்று சொல்லும் சுதந்திரம் லேத்தில் நிற்பவருக்குக் கிடையாது, இன்கிரிமெண்டும் ஷிஃப்ட்டும் முதலாளி கையில் இருக்கின்றன. கம்பெனி நொடித்துப் போனால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவில் வரிசை இருக்கிறது: நடைமுறைச் செலவு போக, தொழிலாளியின் கடைசி 24 மாதச் சம்பள பாக்கி, ஈட்டை விட்டுக்கொடுத்த வங்கிக்குச் சமமாக முன்வரிசையில் நிற்கும், மற்ற ஊழியரின் 12 மாதச் சம்பளம் அதற்கு அடுத்தபடி. ஈடில்லாத டிபென்ச்சர் அதற்கும் கீழே, பங்குதாரர் கடைசி. அதே மனிதர், அதே கம்பெனி, சம்பளமாக இருந்தால் முன்னால், டிபென்ச்சராக மாற்றினால் பின்னால். போனஸைப் பாதி டிபென்ச்சராகக் கொடுக்கும் யோசனை இதனால்தான் மோசம், அது போக சட்டப்படியும் நடக்காது. சட்டப்படி உரிய போனஸ், குறைந்தபட்சம் 8.33%, பணமாகத்தான் போய்ச் சேர வேண்டும். 1965 சட்டத்திலும் அப்படித்தான், அதற்குப் பதில் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் நேராக வங்கிக் கணக்குக்கு என்றே இருக்கிறது.

இனி பங்குக்கு வருவோம், இது நல்ல யோசனை, தாராளமாகச் செய்யுங்கள். 62(1)(பி) பிரிவும் 2014ஆம் ஆண்டுப் பங்கு மூலதன விதிகளில் 12ஆவது விதியும்தான் இதற்கு வழி. பொதுவாகச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், 2015 ஜூன் அறிவிக்கையால் பிரைவேட் கம்பெனிக்குச் சாதாரணத் தீர்மானம் போதும், ஆண்டுக் கணக்கும் ஆண்டறிக்கையும் பாக்கியில்லாமல் தாக்கல் செய்திருந்தால். செய்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள்.

ஆயுத பூஜை அன்று பங்கைக் கையில் கொடுக்க முடியாது. அன்று கொடுக்கக்கூடியது ஆப்ஷன் கடிதம், அதாவது இத்தனை பங்கை இந்த விலைக்குப் பிற்பாடு வாங்கிக்கொள்ளும் உரிமை. கொடுத்த தேதிக்கும் அந்த உரிமை கைக்கு வரும் தேதிக்கும் இடையில் குறைந்தது ஒரு வருஷம் இருக்க வேண்டும், முதலாளி நினைத்தாலும் குறைக்க முடியாது. அந்த இடைவெளியில் டிவிடெண்டும் ஓட்டும் கிடையாது, உரிமையை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால் அதுவரை அவருக்குக் கொடுத்த ஆப்ஷன் முழுவதும் நாமினிக்கோ வாரிசுக்கோ போகும், இதை ஊழியர் கூட்டத்தில் சொல்லுங்கள், வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரிய வேண்டும். ராஜினாமா செய்தால் முதிராத, அதாவது இன்னும் உரிமை கைக்கு வராத, ஆப்ஷன் போய்விடும். முதிர்ந்ததை எத்தனை நாளுக்குள் வாங்கிக்கொள்ளலாம் என்பதைத் திட்டத்தில் நீங்களே எழுதுகிறீர்கள், 30 நாள் என்று கஞ்சத்தனமாக எழுதாமல் ஒரு வருஷமாவது கொடுங்கள்.

பட்டியலில் மூன்று பேரை எடுக்க வேண்டும். தம்பி டைரக்டர், 10%க்கு மேல் வைத்திருப்பவர், விதியிலேயே விலக்கு. மகள் புரமோட்டர் குடும்பம், அவரும் முடியாது. அங்கீகரித்த ஸ்டார்ட்அப் என்றால் பதிவான நாளிலிருந்து பத்து வருஷம் வரை இந்த இரண்டு தடையும் தளரும், 2009 கம்பெனிக்கு அது பொருந்தாது. ஆலோசகர் நிரந்தர ஊழியர் இல்லை, ஃபீஸ் வாங்குகிறார், அவருக்கும் ஈசாப் கிடையாது. அவருக்குப் பங்கு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வேல்யூவர் சொல்லும் விலைக்குத் தனி ஒதுக்கீடாகத்தான் கொடுக்கலாம். ஒருவேளை உங்கள் டிசைன் ஆள் யாராவது ஒரு வால்வு மாடலையே உருவாக்கிக் கொடுத்தவர் என்றால் அவருக்கு 54ஆம் பிரிவின் ஸ்வெட் ஈக்விட்டி, அதாவது உழைப்புக்கும் அறிவுக்கும் ஈடாகக் கொடுக்கும் பங்கு, பற்றி யோசிக்கலாம், அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், பங்கை மூன்று வருஷம் விற்க முடியாது.

விலை 10 ரூபாய் வைக்கலாம், முகமதிப்புக்குக் கீழே மட்டும் போக முடியாது. ஆனால் வரியைச் சொல்லாமல் விடாதீர்கள், மனக்கசப்பு இங்கேதான் வரும். ஒரு பங்கின் நியாய மதிப்பு 210 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், மெர்ச்சன்ட் பேங்கர் கொடுக்கும் மதிப்பு அது. ஒருவர் 1,000 பங்கை 10,000 ரூபாய் கட்டி வாங்கினால் அந்த மாதமே 2 லட்சம் அவருடைய சம்பள வருமானத்தில் சேர்ந்து டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். 30% வரம்பில் இருப்பவர் என்றால் செஸ் சேர்த்து 62,400 ரூபாய், கையில் இருப்பதோ விற்க இடமில்லாத பங்கு. வரியைத் தள்ளிப்போடும் சலுகை தகுதி பெற்ற ஸ்டார்ட்அப்புக்குத்தான். எனவே ஒரே வருஷத்தில் எல்லாவற்றையும் முதிர விடாமல் நான்கு வருஷமாகப் பிரியுங்கள், வெளியே போகும்போது யார் எந்த விலைக்கு வாங்கிக்கொள்வார்கள் என்பதையும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்: 68ஆம் பிரிவின்படி கம்பெனி திரும்ப வாங்குவதா, முதலாளி குடும்பம் வாங்குவதா என்று. இது இல்லாத ஈசாப் வெறும் சுவரில் மாட்டும் சான்றிதழ்.

சின்ன விஷயங்கள் சில. சிறு கம்பெனி என்ற வரையறைக்குள் வராத பிரைவேட் கம்பெனி 2025 ஜூன் 30க்குப் பிறகு எந்தப் பத்திரத்தையும் காகிதமில்லாமல் மின்னணுக் கணக்கில் வைக்கும் டீமேட்டில்தான் வெளியிட முடியும், அதற்கு முன் புரமோட்டர்களும் டைரக்டர்களும் தங்கள் பங்கை டீமேட்டுக்கு மாற்றியிருக்க வேண்டும். ஒருவருக்கே ஒரு வருஷத்தில் மூலதனத்தின் 1% அல்லது அதற்கு மேல் ஆப்ஷன் கொடுப்பதென்றால் தனித் தீர்மானம். ஆப்ஷன் விவரங்களை எழுதும் எஸ்.எச்.-6 பதிவேடு திறக்க வேண்டும். ஊழியராக இருந்து பங்கு பெற்றவர்கள், பின்னால் ஓய்வு பெற்றாலும், பிரைவேட் கம்பெனியின் 200 பங்குதாரர் வரம்பில் எண்ணப்பட மாட்டார்கள், அந்தப் பயம் வேண்டாம்.

ஆயுத பூஜைக்குள் கடிதம் கொடுக்க வேண்டும் என்றால் பொதுக்கூட்டத்துக்கு 21 நாள் நோட்டீஸ், அதற்கு முன் போர்டு கூட்டம், திட்ட வரைவு, கம்பெனியின் அடிப்படை ஆவணங்களான மெமோவும் ஆர்ட்டிகிள்ஸும் இதற்கு இடம் தருகிறதா என்ற பரிசோதனை என்று பின்னோக்கி எண்ணினால் இரண்டு மாதம் தேவை. ஆர்ட்டிகிள்ஸில் இடமில்லையென்றால் அதைத் திருத்தச் சிறப்புத் தீர்மானமும் அதே கூட்டத்தில் வைத்துவிடலாம். அந்த 9 லட்சம் முழுவதும் திரும்பிய வங்கி ஸ்டேட்மெண்டைக் கையில் வைத்துக்கொண்டு போர்டு கூட்டத்துக்குத் தேதி குறியுங்கள், அதற்கு முன் வேண்டாம்.